ஒரு நெல்லுக்கு நாலு தொடுகை

ஐயா, மின்ஹாஜ் நல்ல பொடியன். கன்டீனில் வடை வாங்கினால் பாதியைப் பிய்த்து எனக்குத்தான் தருவான். பெரிய பாதியை.

பொறியியல் கடைசி வருடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். கொக்கட்டிச்சோலை விவசாயிகள் சங்கம் தகரத்தில் உயரமான நெல்லுத் தொட்டி கட்ட இருந்தது. நெல்மணிகளைக் கம்ப்யூட்டருக்குள் கொட்டிப் பார்த்து, தகரம் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்வது மின்ஹாஜின் வேலை.

கொக்கட்டிச்சோலை என் ஊர். அவன் காத்தான்குடி. ஆனாலும் சங்கத் தலைவர் சாமித்தம்பி அண்ணனுக்கு அவன் 'எஞ்சினியர் தம்பி'. நான் 'தம்பியோட வாற பொடியன்'. அம்மாகூட மண்முட்டித் தயிரின் ஆடையை அவன் கோப்பையில்தான் போட்டா. நான் கவனித்தேன், அவ்வளவுதான்.

ஒருநாள் மென்பொருள் பாதியில் நின்றது.

"மச்சான், ஜீபீயூ மெமரி காணாதாம். நாளண்டைக்கு ரிசல்ட் குடுக்கணும். நெல்மணியக் குறைக்கவா?"

"குறைச்சா படம் வடிவா வராதுடா. ஒரு மணி எத்தின மணியோட தொடலாம் எண்டு ஒரு செட்டிங் கிடக்கு. பன்னிரண்ட நாலாக்கு. மெமரி மிச்சம்."

"கணக்குப் பிழைக்காதே?"

"என்னில நம்பிக்கை இல்லையா?"

"உன்னில இல்லாம வேற ஆரிலடா?"

நாலுக்கு மேல் தொடும் மணிகளை அந்த மென்பொருள் கணக்கிலெடுக்காது. எச்சரிக்கவும் மாட்டாது. படத்தில் நெல் அழகாக நிறையும். சுவரில் அழுத்தம் மட்டும் பாதியாகக் காட்டும். மணிகளைக் குறைப்பதுதான் சரி. எனக்குத் தெரியும். கையேட்டில் இருக்கிறது, அவனும் வாசித்திருக்கலாம்.

எங்களுக்குப் படிப்பிக்கிற சேர் படத்தைப் பார்த்துக் கைதட்டினார். மெல்லிய தகரம் போதும் என்று அறிக்கை போனது. சங்கம் அவனுக்குப் பொன்னாடை போர்த்தியது. போட்டோ நான்தான் எடுத்தேன். நன்றாக வந்தது.

முதன்முதலாக நெல் நிரப்பிய அன்று, தொட்டி முக்கால் நிறைந்ததும் எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். மின்ஹாஜ் போகவில்லை. தகரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், இஞ்ச வந்து கேளு. நெல்லு கதைக்குது."

அவன் தலைக்கு மேலே தகரப் பொருத்து கொஞ்சம் வாய் திறந்திருந்தது. அதையும் கவனித்தேன்.

"நீயே கேட்டுச் சொல்லு," என்றேன்.

மூன்று மணித்தியாலம் நெல்லை அள்ளி அவனை எடுத்தோம். நானும் அள்ளினேன், யாரையும் கேளுங்கள்.

நான் பதினைந்து அடி தள்ளி நின்றதற்குப் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. நெல்லுத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது.