பூச்சிக்கு வளர்த்த புகையிலை

புகையிலைச் செடியைப் பூக்க விடக்கூடாது, டாக்டர். மொட்டு தலைகாட்டியதும் கொண்டையைக் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் சத்தெல்லாம் பூவுக்குப் போய், இலை மெலிந்துவிடும். பக்கத்தில் துளிர்ப்பதையும் அவ்வப்போது ஒடித்துப் போட வேண்டும். அப்படி வளர்த்த இலை கையில் எடுத்தால் கனக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காலையில் என் வீட்டுக்காரரின் வாயைப் பார்த்துவிட்டு, "ஏதோ பெட்டிக்கடைக் கலப்படச் சரக்கு" என்று நர்ஸிடம் சொன்னீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அது கலப்படம் இல்லை. மங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கத்தரிக்கும் தக்காளிக்கும் நடுவே, நானே நட்டு, நானே பறித்து, நானே பதம் பண்ணியது. யார் வாங்கித் தந்தது என்று கேட்டபோது அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நீங்களும் அதை எழுதிக்கொண்டீர்கள். அதுவும் தப்பு.

என் பெயர் மருதாள். அவர் தனபால். கல்யாணமான புதிதில் நான் அடுத்த தெருவில் ஒருவரின் விசைத்தறிக் குடோனில் கூலிக்குத் தறி ஓட்டினேன். பிறகு, அவர் ஒற்றைத் தறி ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் குடோனிலேயே இரண்டாவது தறி வந்தது. அதிலிருந்து இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஓட்டினோம். தறி ஓடும்போது வாய்ப்பேச்சுக்கு வேலையே இல்லை. எல்லாம் கையாலும் கண்ணாலும்தான். கட்டைவிரலை வாய்க்குக் காட்டினால் டீ. கண்ணைத் தொட்டுத் தறியைக் காட்டினால், என் தறியையும் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று அர்த்தம். பஞ்சு பறக்கும் இடத்தில் பீடி பற்றவைக்க முடியாது என்பதால் அவர் வாயில் எப்போதும் புகையிலை அடங்கியிருக்கும். வீட்டிலும் அப்படித்தான். "ம்" என்பார், "ம்ஹும்" என்பார். எவ்வளவு ஆழமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற பெண்கள் புருஷனைக் குறை சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

எங்கள் முழங்கால்கள் ஒத்துழைக்காததால் தறிகளை விற்றுவிட்டு, குடோனை பனியன் மூட்டை வைக்க வாடகைக்கு விட்டோம். அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் அவர் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்தார். "இப்போதே விட்டால் இதோடு போகும். விடாவிட்டால் கேன்சரில் கொண்டுபோய் விடும்" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு நன்றாகவே கேட்டது.

அவர் மானஸ்தர். வெளியே வந்ததும், இனித் தொடமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து, புகையிலை டப்பாவைச் சாக்கடையில் வீசினார். பிறகு பேச ஆரம்பித்தார்.

தறிச் சத்தத்தில் காது மரத்துப்போன மனுஷனின் குரல், டாக்டர். வீட்டில் தறி இல்லை என்பது அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. மின்விசிறி ஏன் அந்தப் பக்கமாகச் சுற்றுகிறது, வெண்டைக்காயை எந்தப் பக்கமிருந்து நறுக்க வேண்டும், கல்யாண மண்டபத்து ரசம் ஏன் அப்படி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. தினமும் மோட்டார் கதை வேறு. சோமனூரில் பழைய தறி மோட்டார் ஒன்றை வாங்கித் தோளில் சுமந்து பஸ்ஸில் ஏறினாராம். கண்டக்டர் சண்டைக்கு வந்தாராம். என் சீரியல் ஆரம்பிக்கும் நேரமாகப் பார்த்து இந்தக் கண்டக்டர் வந்து சேருவார். நான் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நூர்ஜான், "கண்டக்டர் வந்துட்டாரா அக்கா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

வீரபாண்டியில் இருக்கும் எங்கள் மகள் தமிழ்மதிக்கு மட்டும் ஏக சந்தோஷம். "அப்பா இப்பத்தாம்மா மனசு விட்டுப் பேசறாரு" என்றாள். அவள் போனில் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மீட்டிங் என்று வைத்துவிடுகிறவள். எனக்கு மீட்டிங் கிடையாது.

அந்த நேரத்தில் கத்தரியில் வெள்ளை ஈ விழுந்தது. அது பொய்யில்லை. புகையிலையை ஊறவைத்துத் தெளித்தால் போகும் என்பார்கள். பவானிப் பக்கம் இருக்கும் என் சித்தி மகனிடம் நாற்று வாங்கி வந்தேன். பூச்சிக்கு இரண்டு செடி போதும். நான் ஒரு பாத்தி முழுக்க நட்டேன்.

இலை முற்றி, புள்ளி விழுந்து, ஒடித்தால் படக்கென்று உடையும் பக்குவத்தில் பறித்தேன். கையில் ஒட்டும் பிசுக்கு சோப்புக்கும் போகாது. வெயிலில் வாட்டி, கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு, கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, சாக்குக்கு அடியில் அடுக்கிப் புழுங்கவைத்தேன். சாக்கைத் திறந்தால் வீடே மணக்கும். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏம்புள்ள, பூச்சிக்கு எதுக்குக் கருப்பட்டித் தண்ணி?"

"அப்பத்தானுங்க மாமா, பூச்சி ஆசையா வந்து திங்கும்."

அவர் நம்பினார். நான் சொல்லி அவர் நம்பாதது எதுவும் இல்லை.

நான் அவருக்குக் கொடுக்கவில்லை, டாக்டர். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். டிவிக்குப் பக்கத்தில் ஓர் இலையை வைத்தேன், அவ்வளவுதான். "மருதா, இது இங்க கெடக்குது பாரு, எடுத்து வையி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எடுத்து, அவர் சட்டை மாட்டும் ஆணிக்குக் கீழே வைத்தேன். பிறகு செய்தித்தாளின் மடிப்பில் வைத்தேன். பாவம், ரொம்பத்தான் போராடினார்.

ஒரு மதியம் மோட்டார் தோளில் ஏறியது, பஸ் வந்தது, கண்டக்டர் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் கன்னம் லேசாக உப்பியிருந்தது. "ம்" என்றார். அன்றைக்குத்தான் சீரியல் கதாநாயகி எதற்காக அழுகிறாள் என்பது எனக்கு முழுதாக விளங்கியது. மனசு நிறைந்துபோனது. உண்மையைச் சொல்கிறேன், அத்தனை நிம்மதி.

கொஞ்ச நாள் கழித்து அவரே என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. "நீ பூச்சிக்கு வெச்சதைத் திருடித் தின்னுட்டேன் புள்ள. உனக்குச் செஞ்ச சத்தியத்தை மீறிட்டேன். மன்னிச்சுரு" என்றார்.

நான் மன்னித்தேன்.

அதன் பிறகு அவர் வாய் சரியாகத் திறக்கவில்லை. காரம் பட்டால் துடித்தார். சோற்றை உருட்டிக் கொடுப்பேன், உள்ளே போகாது. உருண்டையைச் சிறிதாக்கினேன். பிறகு இன்னும் சிறிதாக்கினேன். கடைசியில் கஞ்சிதான். பார்க்க வந்த தமிழ்மதி அலறிப்போய் அவரை உங்களிடம் இழுத்து வந்தாள்.

நேற்று நீங்கள் சதையை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் பேசக் கூடாது என்றீர்கள். இன்று காலை அவர் கையால் பேச ஆரம்பித்தார். தோளைத் தட்டிக் காட்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, மோட்டார் கதை. எழுந்து போயிருப்பேன். ஆனால் குளுக்கோஸ் ஏறுகிற கையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி நர்ஸ் என்னை அங்கேயே உட்கார வைத்திருந்தாள். மற்றொரு கையால் அவர் சொல்லிக்கொண்டே போனார். கண்டக்டர் மோட்டாருக்கும் டிக்கெட் கேட்டாராம். இவர் வாங்கி, சீட்டில் மோட்டாரை உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே வந்தாராம். யாருக்கப்பா இந்த மோட்டார், இவ்வளவு மரியாதை என்று கண்டக்டர் கேட்டாராம்.

அவர் கழுத்தில் கைவைத்துத் தாலி என்று காட்டினார். அப்புறம் இரண்டு விரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்தார். இனி அவள் என் பக்கத்தில் நிற்பாள் என்று கண்டக்டரிடம் சொன்னாராம். அந்த மோட்டார் ஓட்டிய இரண்டாவது தறி, நான் அடுத்தவர் குடோனில் நிற்கக் கூடாது என்பதற்காக வந்தது. இந்தக் கதைக்கு இப்படி ஒரு முடிவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது, டாக்டர். நான் இதுவரை கண்டக்டரைத் தாண்டியதே இல்லை.

அழுதேன். நர்ஸ் பார்த்தாள், நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

டெஸ்டில் கேன்சர் என்று வந்தால் ஆபரேஷனில் கன்னத்தோடு நாக்கையும் வெட்ட வேண்டியிருக்கும், நாக்கு எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது என்கிறீர்கள். எவ்வளவு மிஞ்சினாலும் சரி, அவர் பேசட்டும். முழுக் கதையையும் உட்கார்ந்து கேட்பேன். என் மேல் கேஸ் போடுவதென்றால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நான் அவருக்குக் கெடுதல் நினைத்ததில்லை.

ஒரு போன் மட்டும் பண்ணிவிட்டு வருகிறேன். இந்த வருஷத்துப் பாத்தியில் மொட்டு வந்துவிட்டது. நாளைக்குள் கொண்டையைக் கிள்ளிவிடச் சொல்லி நூர்ஜானிடம் சொல்ல வேண்டும்.

பூச்சிக்குத்தான், டாக்டர்.