அண்ணாந்து குடித்த காபி

— சூடா இருந்துச்சுங்க, அதான்.

— சூடா இருந்தா டபராவுல ஆத்திக் குடிப்பாங்க. நீங்க நல்லா ஆத்திட்டு, அப்புறம் அண்ணாந்து வாயில ஊத்திக்கிட்டீங்க. தண்ணிய அப்படிக் குடிச்சா யாரும் கண்டுக்க மாட்டாங்க. பொண்ணு பாக்க வந்த வீட்டுல காபிய அப்படிக் குடிச்சா கண்ணுல படாம இருக்குமா?

— பழக்கம்ங்க. வேற ஒண்ணுமில்ல.

— எங்கப்பா முகத்த நீங்க பாக்கல. நான் பாத்தேன். பஜ்ஜித் தட்ட உங்க பக்கம் தள்ளிட்டிருந்தவர் பாதியில கைய எடுத்துட்டார்.

— அய்யய்யோ. ஏங்க?

— எங்க தாத்தா காலத்துல டீக்கடையில எங்களுக்குன்னு தனி கிளாஸ் வச்சிருந்தாங்களாம். அவரே கழுவி அவரே கவுத்து வச்சிட்டு வரணும். அந்தக் கோவத்துலதான் புள்ளைக்குப் பீமராவ்னு பேர் வச்சார். அந்தக் கதையச் சொல்லிச் சொல்லியே அப்பா என்னை வளத்தார். இப்ப நம்ம ஆளுங்கள்லயே ஒருத்தர் வந்து, நம்ம வீட்டு டம்ளர்ல வாய் வைக்காமக் குடிச்சா அவருக்கு எப்படி இருக்கும்?

— சத்தியமா அப்படி இல்லீங்க. எங்க வீட்டுலயும் அதே கதைதான் பாத்துக்கங்க. சித்தார்த்தன்னு எனக்குச் சும்மாவா பேர் வச்சாங்க?

— அது எனக்குப் புரியுது. அவருக்குப் புரியணுமே. இவர நல்லபடியா அனுப்பிவிட்டுரலாம்னு அம்மா காதுல சொல்லிட்டார். நான்தான் மாடியச் சுத்திக் காட்டிட்டு வரேன்னு உங்கள இழுத்துட்டு வந்தேன். இறங்கிப் போனதும் என்னைக் கேப்பார். நான் ஏதாவது சொல்லியாகணும். அதனால நேரா சொல்லுங்க.

— அது வந்துங்க... இங்கேருந்து மலைக்கோட்டை தெரியுதா?

— எடமலைப்பட்டி புதூர்லேருந்து மலைக்கோட்டையா? எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டிதான் தெரியும். பேச்ச மாத்தாதீங்க.

— மாத்தலீங்க. வாயத் தொறக்கக்கூடாதுன்னு சொல்லித்தான் எங்க மாமா கூட்டிட்டு வந்திருக்கார். பிச்சை மாமா, கீழ உக்காந்து இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டாரே, அவரு.

— சரி, நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன். எங்க வீட்டுலயும் ஒண்ண சொல்லக்கூடாதுன்னு வச்சிருக்காங்க. நான் ஆபீஸ் வேலை பாக்கறேன்னுதானே உங்களுக்குச் சொன்னாங்க?

— ஆமா. கம்ப்யூட்டர்ல பதியற வேலைன்னு சொன்னாங்க.

— பொய். நான் லேப்ல இருக்கேன். சளி, மூத்திரம், சீழ், மலம், எது வந்தாலும் வாங்கி, அதுல என்ன கிருமி இருக்குன்னு பாக்கறதுதான் என் வேலை. அதுக்குத்தான் படிச்சேன்.

— ம்.

— இதுக்கு முன்னாடி வந்தவர்கிட்ட இத சொன்னேன். காபியத் தொடாமலே எழுந்துட்டார். அதுக்கு முன்னாடி வந்த மாப்பிள்ளையோட அம்மா, அந்தக் கையாலயா சோறு போடுவேன்னு கேட்டாங்க. அதான் எங்கம்மா இந்தத் தடவை ஆபீஸ்னுட்டாங்க. எனக்கு இந்த வேலை பிடிக்கும். விடச் சொன்னா விட மாட்டேன். நீங்களும் கிளம்பணும்னா படி அந்தப் பக்கம் இருக்கு.

— நான் எதுக்குங்க கிளம்பணும்? கையக் கழுவிட்டுத்தானே வருவீங்க?

— எங்கள மாதிரி கை கழுவறவங்க திருச்சியிலயே கிடையாது.

— அப்ப ஒங்க கையால தாராளமா சாப்பிடலாம். ஒண்ணு கேக்கலாமா? கிருமி கிருமிங்கறாங்களே, எல்லாம் ஒரே ஜாதியா?

— ஜாதியா? நமக்குப் பேர் வச்சவங்க கேட்டா நம்ம ரெண்டு பேரையும் உதைப்பாங்க. வகைன்னு கேளுங்க.

— சரிங்க, வகை.

— பாக்டீரியா ஒரு வகை. ஒரே ஒரு செல்தான், ஆனா சுயமா வாழத் தெரிஞ்ச ஆளு. தானே தின்னு தானே பெருகும். அதுல முக்காவாசி நல்லவங்க. தயிர் தோயறதே அதாலதான். உங்க வயித்துலயே கோடிக்கணக்குல குடியிருக்கு. சிலதுதான் வம்புக்கு வரும். டைபாய்டு, காலரா...

— டிபி.

— ஆமா, டிபியும். அதையெல்லாம் தட்டுல வளத்துப் பாப்போம். ஒண்ணு இருக்கு, வளந்தா திராட்சைப்பழ வாசனை வரும்.

— நெஜமாவா?

— நெஜமாத்தான். ஆனா புண்ணுல ஏறிச்சுன்னா லேசுல போகாது. பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் உண்டு. வைரஸ் அப்படியில்ல. வெளிய கிடக்கறப்ப அதுக்கு ஒண்ணும் செய்யத் தெரியாது. நம்ம செல்லுக்குள்ள பூந்துட்டா, நம்மள வச்சே தன் வேலையெல்லாம் பாத்துக்கும். சளிக்காய்ச்சல், அம்மை, டெங்கு, கொரோனா எல்லாம் அதான். அதுக்கு ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்கறது தண்டம்.

— அடுத்தவன் வீட்டுக்குள்ள பூந்து அவனையே வேலை வாங்கறதா? பிச்சை மாமாவேதான்.

— பாவம், பெரியவரை ஏன் இழுக்கறீங்க?

— ஒரு நாளைக்கு அவரைப் பைக்ல வச்சு ஓட்டிப் பாருங்க, தெரியும். அப்புறம்?

— பூஞ்சை. படர்தாமரை தெரியும்ல? அது மாதிரி. ஈரம் இருந்தா அதுக்குக் கொண்டாட்டம்.

— அது எனக்கு நல்லாவே தெரியுங்க. நான் சொட்டுநீர்க் குழாய் போடற ஆளு. திருவெள்ளறையச் சுத்தி இருக்கற அத்தனை காட்டுலயும் நான்தான் சேத்துல நிப்பேன். கால்விரல் இடுக்குல புண்ணு வந்துட்டே இருக்கும்.

— வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்க நல்லாத் தொடைங்க. ஈரத்தோட ஷூ மாட்டாதீங்க. வெறுங்காலோடயும் நிக்காதீங்க, கொக்கிப்புழு கால் தோல் வழியாவே ஏறும். அது ஒட்டுண்ணி, அது இன்னொரு வகை. மலேரியா கிருமி, வயித்தக் கடுக்க வைக்கற அமீபா, நாக்குப்பூச்சி எல்லாம் அதுல சேர்த்திதான். நம்மகிட்டயே தங்கி, நம்மகிட்டயே தின்னு...

— நம்ம செலவுலயே காலத்த ஓட்டும்.

— மறுபடியும் மாமாவா?

— நான் ஒண்ணும் சொல்லலீங்க. தங்கி, தின்னுன்னு நீங்கதான் சொன்னீங்க.

— சிரிக்க வைக்காதீங்க, கீழ கேக்கும்.

— கேக்கட்டுமே. ஒங்கப்பா கோவமாவது கொறையும்.

— குறையாது, அவர நான் அறிவேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. அத எங்க லேப்ல பாக்க முடியாது. அதுக்கு உயிரே கிடையாது. மடிப்பு மாறிப்போன ஒரு புரதம், அவ்வளவுதான். ப்ரையான்னு பேரு. பக்கத்துல இருக்கற நல்ல புரதத்தத் தன்னை மாதிரியே கோணலாக்கிரும். அது அடுத்தத ஆக்கும். மூளையே போயிரும். ரொம்ப அபூர்வமா வர்றது, ஆனா மருந்து கிடையாது.

— அது எங்க தெருவுல நெறைய இருக்கு.

— என்னது?

— ஒருத்தர் கோணலா ஒண்ணு சொல்லுவார். பக்கத்து வீட்டுக்காரர் அத வாங்கி, அதே கோணல்ல அடுத்த வீட்டுல சொல்லுவார். பொழுது சாயறதுக்குள்ள தெரு பூரா அதான் பேச்சு. அதுக்கும் மருந்து கிடையாதுங்க.

— உங்களப் பத்தி என்ன சொன்னாங்க?

— பட்டுன்னு கேட்டுட்டீங்க.

— என் பழக்கம் அது.

— இளவேனில், மாடியப் பாத்து முடியலியாம்மா? பிச்சை அய்யா கிளம்பணுங்கறார்.

— இதோ வரோம்ப்பா... கேட்டீங்களா அப்பா குரல? கோவமா இருந்தாத்தான் அவர் ‘அய்யா’ போட்டுப் பேசுவார். சீக்கிரம் சொல்லுங்க.

— அது வந்துங்க... எனக்கு டிபி இருந்துச்சு. முந்தின வருஷம். இப்ப இல்ல, சுத்தமா இல்ல. ஆனா இருந்துச்சு.

— ம். சொல்லுங்க.

— இருமல் நிக்கவே இல்ல. இடுப்புல பேன்ட் நிக்கல. டிபின்னு தெரிஞ்சதும் தெருவுல ஒருத்தர், அவனுக்கு நோவுன்னார். அடுத்த வீட்டுல, ரத்தம் ரத்தமா கக்கறான்னாங்க. நான் கக்கவே இல்லீங்க. கடைசி வீட்டுக்குப் போறப்ப, இந்தப் பொங்கலத் தாண்ட மாட்டான்னு ஆயிருச்சு. அப்ப அனுசுயா அக்கா பிரசவத்துக்கு வந்திருந்துச்சு. கொழந்த பொறந்தப்ப நான் அந்த ரூம் வாசப்படிகிட்டகூடப் போகல. எனக்குன்னு தனி தட்டு, தனி டம்ளர்னு நானே ஒதுக்கி வச்சுக்கிட்டேன். யாரும் சொல்லல. நானேதான். வெளிய எங்க போனாலும் வாய் படாம அண்ணாந்தே குடிச்சேன். நோவு போயிருச்சு, பழக்கம் போகல. டம்ளரக் கையில எடுத்தா கை தானா மேல போகுது.

— அப்ப டீக்கடைக்காரர் செஞ்சத உங்களுக்கு நீங்களே செஞ்சுக்கிட்டீங்க.

— ஆமாங்க. அப்படி நெனச்சுப் பாக்கல. இப்ப நீங்க சொல்றப்ப சுருக்குங்குது.

— அதுல ஒரு கூத்து இருக்கு, தெரியுமா? டிபி டம்ளர்ல பரவாது. தட்டுலயும் பரவாது. இருமறப்ப, பேசறப்ப, காத்து வழியாத்தான் பரவும். ராத்திரி ஜன்னலத் தொறந்து வச்சீங்களா?

— பனி ஆகாதுன்னு அம்மா இழுத்துச் சாத்திரும்.

— நல்லா இருக்கு போங்க. டம்ளரத் தள்ளி வச்சிட்டு, ஜன்னலச் சாத்திட்டுப் படுத்தீங்களா? ரூம்ல வேற யாரு?

— பிச்சை மாமா.

— அய்யோ, அவருக்கு?

— எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. அவருக்கு ஒண்ணுமே இல்ல. கிருமியே அவரப் பாத்து ஒதுங்கிப் போயிருச்சு போல.

— மறுபடியும் சிரிக்க வைக்கறீங்க. மாத்திரைய முழுசா போட்டீங்களா?

— போட்டேங்க. மொத நாளு மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போனதப் பாத்துட்டு... மன்னிச்சுக்கங்க, பொண்ணு பாக்க வந்த எடத்துல போயி இத சொல்றேன்.

— நான் தினம் பாக்கறதே அதான். அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும். கூச்சப்படாம சொல்லுங்க.

— ரெண்டு மாசத்துலயே இருமல் நின்னுருச்சு. பசி எடுத்துச்சு. அதான் நல்லாயிட்டியே, இன்னும் எதுக்கு மாத்திரைன்னு மாமாவே சொன்னார். போட்டா வயித்தப் பொரட்டும். விட்டுரலாமான்னு எனக்கும் தோணுச்சுங்க.

— ஏன் விடல?

— அக்கா மக இருக்காளே. அவள மூஞ்சிக்கு நேரா வச்சுத் தூக்கணும்னு ஆசை. பாதியில விட்டா திரும்பி வரும், வர்றப்ப எந்த மருந்துக்கும் அடங்காம வரும்னு டாக்டரம்மா சொல்லிருச்சு. பயந்துக்கிட்டே ஆறு மாசமும் முழுங்கினேன். ஒண்ணுமில்லைன்னு கடைசி டெஸ்ட்ல வந்த அன்னிக்கு, ஆஸ்பத்திரியிலேருந்து நேரா அக்கா வீட்டுக்குப் போயி அவளத் தூக்கினேன். என் மூக்கப் புடிச்சு இழுத்தா. நான் அழுதுட்டேங்க.

— எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. கொஞ்சம் இருங்க.

— சொன்னா ஒரு வீட்டுலயும் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு மாமா சொன்னார். மறைச்சிரலாம்னுதான் நானும் வந்தேன். ஆனா நீங்க ஒங்க வேலைய ஒளிக்காமச் சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் எனக்கு ஒளிக்க முடியல. வேணாம்னு தோணுச்சுன்னா சொல்லிருங்க, எனக்கு வருத்தமில்ல. இல்ல, இருக்கும். இப்ப ஒங்ககிட்ட பேசினதுக்கு அப்புறம் நெறையவே இருக்கும். ஒங்கப்பாகிட்ட மட்டும் டம்ளர் விஷயத்தச் சொல்லிருங்க. ஒங்க வீட்ட நான் மட்டமா நெனச்சேன்னு அவர் இருந்துரக்கூடாது.

— அத நீங்களே சொல்லுங்க. இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரியே. எங்கப்பா நோய்க்கெல்லாம் பயப்படற ஆளு இல்ல. அவமானத்தத்தான் தாங்க மாட்டார்.

— சொல்றேங்க. அவர் மனசு மாறிட்டார்னே வச்சுக்குவோம். நீங்க?

— அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். லேப்ல பாத்தத வெளிய யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அப்பா அம்மாகிட்டகூட நான் சொன்னதில்ல. ஆனா யாரோடதோ, அவங்ககிட்டச் சொல்லலாம்.

— என்னங்க சொல்றீங்க?

— சளியக் கண்ணாடியில தடவிச் சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல பாத்தா, எல்லாம் நீலமாத் தெரியும். டிபி கிருமி இருந்தா அந்த நீலத்துக்குள்ள சிவப்பாக் குச்சி குச்சியாக் கிடக்கும். உங்க ஊர்ப் பக்கத்துலேருந்து ஒரு ஸ்லைடு என் மேசைக்கு வந்துச்சு. பூரா சிவப்பு. அடுத்தது வந்தப்ப, ரொம்பத் தேடினாத்தான் ஒண்ணு ரெண்டு கண்ணுல பட்டுச்சு. நிறைய பேரு அந்த நேரத்துலதான் மாத்திரைய விட்டுருவாங்க. அப்புறம் முன்னவிட மோசமா வந்து நிப்பாங்க. எனக்கு அதப் பாத்துப் பாத்து வெறுத்தே போச்சு. இந்த ஆளும் அப்படித்தான்னு நினைச்சேன். கடைசி ஸ்லைடு வந்துச்சு. ஓரம் விடாமத் தேடினேன். வெறும் நீலம். அன்னிக்கு லேப்ல எல்லாருக்கும் நான் டீ வாங்கிக் குடுத்தேன்.

— அது... நான்தானா?

— அடிக்கடி கேக்கற பேரா அது? மனசுல நின்னுருச்சு.

— அப்ப மொதல்லேருந்தே ஒங்களுக்குத் தெரியும். நான் சொல்றேனா இல்லியான்னு பாத்தீங்களா?

— பாத்தேன். சொல்லாம இறங்கியிருந்தீங்கன்னா அப்பா பேச்சுக்கே சரின்னு விட்டிருப்பேன். சொல்லிட்டீங்க. வாங்க, போலாம்.

— இருங்க, இருங்க. டிபி வந்தவன்னு தெரிஞ்சும் எங்கள எதுக்கு வரச் சொன்னீங்க?

— தரகர் வேலம்மாள் கொண்டுவந்த போட்டோவுல உங்களத் தவிர எல்லாம் ஆபீஸ் மாப்பிள்ளைங்கதான். காட்டுல குழாய் போடற ஆளு நமக்கு வேணாம்மான்னு உங்க போட்டோவத்தான் அப்பா முதல்ல எடுத்து ஓரமா வச்சார். எடுத்த வேலைய முடிக்கிற ஆளு எனக்குத் தெரிஞ்சு இவர் ஒருத்தர்தான், இவரை மட்டும் வரச் சொல்லுங்கன்னு நான்தான் கேட்டேன்.