வலக்கைத் தழும்பு

இமெல்டா (மனதுக்குள்): எந்தக் கை எண்டு கேப்பார். கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுவன்...

வின்சன்ட்: என்னப்பா, காது கேக்கேல்லையே? கையைக் காட்டும் எண்டனான்.

இமெல்டா: மா குழைக்கிறன்.

வின்சன்ட்: அந்த எண்ணெய் சுட்ட தழும்பு... இடக்கைதானே?

இமெல்டா: இருவது வருசமாப் பாக்கிறியள்... இடக்கைதான்.

வின்சன்ட்: அதைத்தான் நானும் சொன்னன்! படத்திலை தழும்பு வலக்கையிலை.

இமெல்டா: லைப்ரரியிலை தொங்கிற படமோ?

வின்சன்ட்: ஓம். எங்கடை றோட்டிலை இருக்கிற இங்கிலாந்துக்காரர் கீறி அச்சடிச்சது. மூலை லோண்ட்றி, சனம் உடுப்புத் தோய்க்குது. அதிலை ஒருத்தி கதிரையிலை காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, அண்ணாக்குத் தெரியச் சிரிக்கிறாள். அது நீராம்!

இமெல்டா: ஆர் சொன்னது?

வின்சன்ட்: எங்கடை கோயிலுக்கு வாற அஞ்சலீனா. புதுக் கமெரா போனிலை எடுத்து, பூசை முடிய எல்லாருக்கும் காட்டுறா.

இமெல்டா: போன் வாங்கினதுக்கு ஒரு வேலை வேணுமே.

வின்சன்ட்: பகிடி விடாதையும். நானே போய்ப் பார்த்தன். முகம்... உம்மடை சாடைதான். ஆனா வீட்டிலை மெசின் இருக்கேக்கை நீர் ஏன் லோண்ட்றிக்குப் போறீர்?

இமெல்டா: தள்ளி நில்லுங்கோ, மா ஒட்டப்போகுது.

வின்சன்ட்: அதோடை, நீர் இப்பிடிச் சிரிச்சு நான் கண்டதேயில்லை.

இமெல்டா: ஓம். நீங்கள் காணேல்லை.

வின்சன்ட்: அப்ப சரி. ஞாயிறு பூசை முடிய லைப்ரரிக்கு வாரும், அஞ்சலீனாவையும் கூட்டிக்கொண்டு போவம். படத்துக்குப் பக்கத்திலை நிண்டு கையை நீட்டினாக் காணும், அது நீரில்லை எண்டு தெரிஞ்சிடும். கதை முடிஞ்சுது.

இமெல்டா: எவ்வளவு நேரம் பார்த்தனீங்கள்?

வின்சன்ட்: என்னத்தை?

இமெல்டா: அந்தப் படத்தை.

வின்சன்ட்: ...லைப்ரரி பூட்டுமட்டும்.

இமெல்டா: ம்.

வின்சன்ட்: உள்ள தழும்பைக் காட்டத்தானே கேக்கிறன்? பொய்யே சொல்லச் சொல்றன்? கோயிலிலை எனக்கு முகம் காட்டேலாமல் கிடக்கு, இமெல்டா. ஒருக்கா வாருமன்.

இமெல்டா: செப்புத் தகட்டிலை கீறி அச்சடிச்சா, தாளிலை இடம் வலமா மாறித்தான் விழும், கண்ணாடியிலை தெரியிறமாதிரி. என்னட்டைக் கேட்டுத்தான் அவர் கீறினவர், தகட்டையும் காட்டினவர். செவ்வாய்க்கிழமையிலை அந்த லோண்ட்றியிலை போய்ச் சும்மா இருக்கிறனான்... ஞாயிறு நீங்கள் போங்கோ. நான் கையை நீட்டமாட்டன்.