பதினஞ்சு டாலர் கோவேறு கழுதை

இல்ல தம்பி, நான் பிரசங்கியாரெல்லாம் இல்ல. கோட்டு போட்டுக்கிட்டு பஸ்ஸுல ஏறுனா ஒடனே பிரசங்கியாரா? கோவேறு கழுதை யாவாரி. சீஃபஸ் டோல்பர்ட்டுன்னு இந்த ஜார்ஜியாவுல எந்தப் பருத்திக்காட்டுல வேணாலும் கேளுங்க. ஒரு சென்ட்டு கொறைக்க மாட்டான் படுபாவின்னுதான் சொல்லுவாங்க. நமக்கு அதுல பெருமைதான்.

இந்தக் கோட்ட கடைசியாப் போட்டது ஆறு மாசம் முன்னாடி, கோர்ட்டுல சாட்சி சொல்ல. ஆர்டிஸ்னு ஒரு பய, இருபது வயசு, நம்ம சனம். என்கிட்ட ஒரு கழுதை வாங்குனான். பிக்கெட் தொரை அது தன் கழுதை, இவன் திருடிட்டான்னு பிராது குடுத்துட்டாரு. நான் எழுதிக் குடுத்த ரசீத ஆர்டிஸ் காட்டுனான். கருப்பன் எழுதுனது செல்லாதாம். தொரைகிட்டயா? ஒரு துண்டுச் சீட்டு கெடையாது. கேட்டாத்தான?

கூண்டுல ஏறுனேன். சத்தியம் பண்ணணும். வெள்ளைக்காரனுக்கு ஒரு பைபிளு, நமக்கு ஒரு பைபிளு. ஏன், உங்க சிகாகோவுல அப்படி இல்லியா? ரெண்டுலயும் அதே மோசேதான். அன்னிக்கு நம்ம பைபிளக் காணோம். சேவகன் அலமாரி அலமாரியாக் கொடையுறான். ஜட்ஜுக்குப் பசி. ஐயா, அந்த வெள்ளைக்காரப் பைபிளயே தொட்டுக்கிறனேன்னேன். கோர்ட்டே கொதிச்சுப்போச்சு. சரி, கைக்குட்டைய விரிச்சு அதுமேல? கூடாது. தொடாம ஒரு சாண் ஒசரத்துல? ரெண்டு சாணுங்கிறாரு ஜட்ஜு. எனக்கு யாவாரப் புத்தி முழிச்சுக்கிச்சு. ஒன்றரைக்கு வாங்கய்யான்னேன். நமக்குன்னு ஒதுக்குன மாடியில நம்ம சனம் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. வாய மூடுடா சீஃபஸ், ஒன்றரைதான், சீக்கிரம்னாரு.

கைய அந்தரத்துல நிறுத்திக்கிட்டு உள்ளதச் சொன்னேன். நாந்தான் வித்தேன், பதினஞ்சு டாலருக்கு.

அங்கதான் வெனை. சர்க்கார் வக்கீலு சிரிக்கிறான். ஏண்டா, எங்கப்பனுக்கே நூறுக்குக் கொறையாம வித்தவன் நீ, இவனுக்குப் பதினஞ்சா? என்னடா ஒறவு ஒனக்கு இவன்? ஜூரி பூரா வெள்ளைக்காரன், அவனுங்களும் சிரிக்கிறானுங்க. மாடியும் சிரிக்குது. அங்க முன்வரிசையில உக்காந்து எம்பொஞ்சாதி வெர்டெல்லும் சிரிக்கிறா. முப்பது வருசமா நான் சேத்த பேரு அந்தப் பயலக் கவுத்துப்புடுச்சு பாருங்க.

ஒறவெல்லாம் ஒண்ணுமில்லய்யான்னேன்.

ஒரு சுருட்டு அணையுறதுக்குள்ள ஜூரி திரும்பி வந்துட்டானுங்க. ஆறு மாசம். கால்ல சங்கிலி, ரோட்டு வேலை. அட நீங்க ஒண்ணு, நான் வேற மாதிரி சொல்லியிருந்தா மட்டும் விட்டிருப்பானுங்களா? ரசீதையே பாக்காத கோர்ட்டு. வேணாம், விடுங்க, எனக்குக் கோவம் வந்தா டிரைவரு பஸ்ஸ நிறுத்தி எறக்கி விட்டுருவான்.

நான் அடுத்த நிறுத்தத்துல எறங்கணும். ஜெயிலு கேம்பு அங்கதான். இன்னிக்கு ஆர்டிஸ விடுறாங்க. இதுவா? சட்டை, அவனுக்குத்தான். அளவு கேக்க வழியில்ல, என் அளவுக்கே எடுத்துட்டேன். பொருந்தும் தம்பி. அந்தத் தோளு எங்கப்பாரு தோளு, அப்படியே. காலையில வெர்டெல்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் கெளம்புனேன். ரெண்டு தட்டு ஒடைஞ்சுது, பரவால்ல, பழைய தட்டு. ஆர்டிஸோட அம்மா சாகுற வரைக்கும் அவன் அப்பன் யாருன்னு வாயத் தொறக்கல. கோர்ட்டுல ஒறவில்லைன்னு நான் சொன்னத ஒரு வார்த்த விடாம கேட்டுக்கிட்டு நின்னானே, அவன்கிட்டதான் இன்னும் சொல்லல.

அந்த மணிக் கயித்தக் கொஞ்சம் இழுங்க தம்பி. எடம் வந்துருச்சு.