மீன் தொட்டி வீடு

கடல் தண்ணீரைப் பஸ்ஸில் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை, ஐயா. ஏரித் தண்ணீர் என்றால் குடத்தோடு நாலு எட்டு நடந்தால் ஆயிற்று. கடல் தண்ணீருக்குப் பாரிமுனை வரை போய், கரைக்கு நடந்து, பிளாஸ்டிக் கேன்களில் மொண்டுகொண்டு, திரும்பும்போது கண்டக்டரிடம் கெஞ்ச வேண்டும். சிந்தினால் பக்கத்து சீட்காரர் வேட்டியில் உப்புப் பூத்துவிடும், அவரிடம் வேறு பேச்சு வாங்க வேண்டும். ஆனந்தன் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே செய்தான். எதைச் செய்தாலும் அவன் சிரித்துக்கொண்டுதான் செய்வான். அவனிடம் எனக்குப் பிடிக்காமல் போன முதல் விஷயம் அது.

என்னை ஸ்டேஷனுக்குச் சாட்சி சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். உள்ளே பெஞ்சில் தேவராஜ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். செத்துப்போன ஆனந்தனின் மச்சான், அவன் மனைவி அன்னம்மாளின் தம்பி. ராமேஸ்வரத்துப் பக்கம் மண்டபத்திலிருந்து மீன் லாரி ஓட்டிவருகிறவன். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் மேசைமேல் இருக்கிற அந்தக் கூம்புச் சங்கு ஆனந்தன் வீட்டுக்கு எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு வேலையைப் பார்த்துப் பார்த்துச் செய்தவன் ஒருத்தன் இருக்க, பேர் இன்னொருத்தனுக்குப் போவது எனக்கு ஆகாது. என் கதையே அதுதான்.

அயனம்பாக்கத்தில் முதன்முதலில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தவன் நான். அம்பத்தூர் எஸ்டேட் வந்து, எங்கள் நிலமெல்லாம் கம்பெனிகள் ஆகி, அந்தக் கம்பெனி ஒன்றிலேயே நான் ஃபிட்டராகச் சேர்ந்த காலம். ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, பட்டி வைத்து அடைத்து நானே செய்த தொட்டி. கப்பி, ஏஞ்சல், வாள்வால் எல்லாம் விட்டிருந்தேன். மூர் மார்க்கெட்டுக்குப் போய்க் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியதை எங்கள் தெருவில் சும்மா பார்க்கலாம். கல்யாணம் ஆகி வந்த பெண்ணை முதலில் கோயிலுக்கும் அடுத்து என் வீட்டுக்கும்தான் அழைத்துவருவார்கள். யார் வழி கேட்டாலும், "மீன் தொட்டி ஊட்டாண்ட திரும்பு," என்பார்கள். வீரராகவன் என்று என் பெயர் தெரியாதவனுக்கும் மீன் தொட்டி வீடு தெரியும். ஒரு மனிதனுக்கு ஊரில் இப்படி ஓர் அடையாளம் கிடைப்பது சின்ன விஷயமா, சொல்லுங்கள்.

ஆனந்தன் எதிர்ச்சாரியில் நாலு வீடு தள்ளி இருந்தான். அதே கம்பெனியில் எனக்கு ஜூனியர். என்னை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவான். எழுபத்து நாலில் ஒரு நாள் என் தொட்டி முன்னால் குந்திக்கொண்டு, "அண்ணாத்தே, இதுலயே கடல் மீனு உட்டா எப்டி இருக்கும்? மச்சான் சொல்றான், அங்க பவளப்பாறைல கலர் கலரா சுத்துதாம்," என்றான். செய்து பாரேன் என்றேன். நிஜமாகவே அவனால் முடியாது என்றுதான் நினைத்தேன்.

முதலில் முடியவும் இல்லை. சட்டம் துருப்பிடித்து, தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக மேலும் மேலும் கடல் தண்ணீரையே ஊற்றினான். உப்பு ஆவியாகாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. தொட்டி உப்பளமாகி மீனெல்லாம் மல்லாந்துவிட்டன. நான் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்து, என் மனைவி முத்தம்மாளிடம் பாயசம் வைக்கச் சொன்னேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். சாப்பிடத் தோன்றியது என்றேன்.

அவன் விடவில்லை. சட்டத்துக்குத் தார் பூசினான். குறைகிற தண்ணீருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடக் கற்றுக்கொண்டான். தேவராஜ் கொண்டுவந்த கடல் மணலையும் பவளக் கல்லையும் போட்டு, மீனே விடாமல் வெறும் தொட்டிக்கு வாரக்கணக்கில் காற்று விட்டுக்கொண்டிருந்தான். தெருவே கேலி செய்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். கரண்ட் போனால் லாரி டியூபில் அடைத்துவைத்த காற்றை ரப்பர் குழாய் வழியாகத் தொட்டிக்குள் கசியவிடுவான். அப்புறம் தேவராஜ் ஒரு நாள் மீன்களோடு வந்து இறங்கினான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி, மஞ்சளில் நாலைந்து, ஊதாவில் சில. அந்த ஜோடி குடியிருக்க, கல்லில் ஒட்டிக்கொண்டு பூ மாதிரி விரிகிற கடல் சாமந்தி என்கிற பிராணி ஒன்று. இந்தத் தடவை எதுவும் சாகவில்லை.

அந்தத் தொட்டி அழகாக இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது. அசிங்கமாக இருந்திருந்தால் நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

தெருவே அங்கே போய் நின்றது. முத்தம்மாளும் சாயங்காலமானால் கிளம்பிவிடுவாள். திரும்பிவந்து என் தொட்டியைப் பார்த்து, "நம்ம மீனுங்க தூங்குமூஞ்சிங்க," என்றாள் ஒரு நாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது வேறு. குமணன்சாவடியிலிருந்து என் சொந்த மச்சான் கஜபதி எங்களைப் பார்க்க வந்தான். தெருமுனையில் மீன் தொட்டி வீடு எது என்று கேட்டிருக்கிறான். ஆனந்தன் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அங்கே உட்கார்ந்து காப்பி குடித்து, மீன் பார்த்து, எனக்கென்று வாங்கிவந்த பழத்தில் பாதியை அங்கே கொடுத்துவிட்டு வந்தான். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னா மாமே, உன் தொட்டியத் தூக்கி அவங்க ஊட்ல வெச்சிட்டியோன்னு நெனச்சிட்டேன்," என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் அப்பாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போனேன். முழுக்குப் போட்டு, எல்லாம் முடிந்து கரையோரமாக நடந்தபோது ஒரு மீனவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். அதிலிருந்து விழுந்ததுதான் இந்தச் சங்கு. இதே வேலைப்பாடு, இதே பழுப்பு நிறம், உயிரோடு. நான் குனிந்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதீக அண்ணே. முன்னாடி கூரா இருக்குல்ல, அங்கிட்டு இருந்து ஊசி வச்சிரும். ராத்திரியில மண்ணுக்குள்ளேருந்து வெளிய வந்து மீனை முழுசா முழுங்கிப்புடும். மனுசனுக்கு வலியே தெரியாது. அதான் இதுல பொல்லாப்பு. கொஞ்ச நேரத்துல மூச்சு அடங்கிரும்."

நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். அவர் போன பிறகு, ஒரு குச்சியால் அதைத் தூக்குப் பாத்திரத்துக்குள் தள்ளிக் கடல் தண்ணீர் ஊற்றி மூடினேன். அப்போது என் மனதில் இருந்தது மீன்கள் மட்டும்தான். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ரயிலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து வருகிறவன் தூக்கில் தண்ணீர் இருந்தால் அது தீர்த்தம்தானே. எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கொஞ்சம் கேட்டார்கள். வேறு செம்பிலிருந்து கொடுத்தேன்.

ஊருக்கு வந்ததும் ஆனந்தன் வீட்டுக்குப் போனேன். அன்னம்மாளின் உள்ளங்கையில் செம்பிலிருந்து தீர்த்தம் விட்டேன். "மீனுங்களுக்கும் கொஞ்சம் புண்ணியம் வரட்டும்," என்று சொல்லித் தூக்கைத் தொட்டியின் பின்மூலையில் கவிழ்த்தேன். ராமேஸ்வரத்தில் கடல்தான் தீர்த்தம், அதனால் மீனுக்குக் கெடுதல் இல்லை என்று ஆனந்தன் சந்தோஷமாகத் தலையாட்டினான். அன்னம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது மணலுக்குள் புதைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மஞ்சள் மீன்கள் முதலில் போயின. பிறகு ஊதா. பிணம் மிதக்காது, முள்கூட மிஞ்சாது. பூனை என்று நினைத்து வலை போட்டு மூடினார்கள். அப்படியும் குறைந்தது. ஆனந்தன் சிரிப்பதையே விட்டுவிட்டான். தொட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் காவல் படுப்பான், அசந்து தூங்கிவிடுவான், காலையில் இன்னொன்று இருக்காது. கம்பெனியில் அவன் கண் சிவந்து நிற்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கஷ்டத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. கடைசியில் அந்த ஆரஞ்சு ஜோடி மட்டும் சாமந்திக்குள் ஒடுங்கி மிஞ்சியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெறும் ஜோடியைப் பார்க்கவும் கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. மீன் காணாமல் போகிற தொட்டி என்று இன்னும் அதிகமாகவே வந்தது. முத்தம்மாள் திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழம் கொண்டுபோனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆனந்தன் வந்தான். "அண்ணாத்தே, மீனு செத்தா பொணமாச்சும் மெதக்கணும்ல. ஒண்ணும் இல்ல. நீயே வந்து பாரு. உன்ன வுட்டா எனக்கு யாரு கீறாங்க," என்றான்.

போய்ப் பார்த்தேன். மணலுக்கு மேலே பென்சில் முனை அளவுக்கு ஒரு குழல் நீட்டிக்கொண்டிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மணலில் ஏதோ புகுந்திருக்கிறது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவன் அன்னம்மாளிடம் கரண்டி கேட்டான்.

"கரண்டி வேணாம்," என்றேன். "சாமந்தி கிழிஞ்சிடும். கைய வுட்டுத் துழாவு. மூலையாண்ட."

அவன் கையை விட்டான். கொஞ்ச நேரம்தான். "கெட்சிட்ச்சு அண்ணாத்தே," என்று வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வெகு நாளைக்கு அப்புறம் சிரித்தான். "திருட்டுப் பய எவ்ளோ அழகா கீறான் பாரேன்." பிறகு கையை உதறினான். சங்கு தரையில் உருண்டது.

"இன்னாமோ சுருக்குன்னுச்சு."

"வலிக்குதா?"

"இல்லியே."

எங்கள் ஊர்க்காரர்கள் ஏரியிலே வளர்ந்தவர்கள், ஐயா. கெளுத்தி முள் குத்தி அழாத ஆண்பிள்ளை அங்கே கிடையாது. குத்தினால் சுண்ணாம்பு தடவுவோம். கத்தினால் விஷம், கத்தாவிட்டால் ஒன்றும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். அன்னம்மாள் சுண்ணாம்பு கொண்டுவந்தாள். வலிக்கவே இல்லை என்று அவன் சொன்னதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. அடுப்பைப் பார்க்கப் போனாள். சுண்ணாம்பை நான்தான் தடவினேன்.

கொஞ்ச நேரத்தில் உதடு மரத்துப்போகிறது என்றான். பிறகு, "நாக்கு தடிச்சிகினு வருது," என்றான். கண்ணிமையைத் தூக்க முடியவில்லை. அன்னம்மாள் பயந்துபோய், "மாமா, அம்பத்தூர் டாக்டராண்ட இட்டுகினு போலாமா? பக்கத்து ஊட்ல வண்டி கேக்கட்டுமா?" என்றாள். வலியில்லாத கடிக்கு டாக்டர் எதற்கு, பல நாள் தூக்கம் பாக்கி, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றேன். நான் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. அவள் தலையணை எடுத்துக் கொடுத்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். அவனால் பேச முடியவில்லை. விரல் மட்டும் என் வேட்டி ஓரத்தைப் பிடித்திருந்தது, பிறகு அதுவும் விட்டுவிட்டது. காது கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். குனிந்து, "மீனப் பத்திக் கவலப்படாத, நான் பாத்துக்கறேன்," என்றேன். அன்னம்மாள் சோறு வடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. மாரடைப்பு என்றார்கள். இத்தனை நாள் கண் விழித்ததால் என்றார்கள். பாடையில் முன்பக்கம் தோள் கொடுத்தது நான்.

சொன்ன சொல்லையும் காப்பாற்றினேன். "பாக்கவே முடியல மாமா, எடுத்துகினு போயிடுங்க," என்று அன்னம்மாளே அழுதாள். தொட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, என் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். கேனைத் தூக்கிக்கொண்டு பாரிமுனை பஸ் ஏறுகிறேன். கிணற்றுத் தண்ணீரை அளவாக விடுகிறேன். அந்த ஜோடி இப்போது முட்டைகூட இட்டிருக்கிறது. அவனிடம் இருந்திருந்தால் இட்டிருக்குமா என்பது சந்தேகம்.

ஒரு விஷயத்தில்தான் கோட்டை விட்டேன். தரையில் உருண்ட அந்தச் சங்கு காய்ந்து செத்ததும், அழகாக இருக்கிறதே என்று அன்னம்மாள் அதை எடுத்து அவன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். கருமாதிக்கு வந்த தேவராஜ் அதைப் பார்த்து மிரண்டு, மண்டபத்தில் விசாரித்து, நேரே உங்களிடம் ஓடிவந்தான். கடல் சாமான் கொண்டுவருகிறவன் நீதானே என்று நீங்கள் அவனையே பிடித்து உட்காரவைத்துவிட்டீர்கள். அவனுக்கு மீனைப் பிடிக்கத் தெரியும், லாரி ஓட்டத் தெரியும். இவ்வளவு பொறுமையாக ஒரு காரியம் பண்ண அவனால் ஆகாது.

ஆனந்தனைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொறாமையால் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் கட்டமெல்லாம் எப்போதோ கடந்துவிட்டேன். நேற்று என்னைக் கூப்பிட வந்த உங்கள் கான்ஸ்டபிளையே கேளுங்கள். தெருமுனையில் அவர் மீன் தொட்டி வீடு எது என்றுதான் கேட்டாராம். யோசிக்காமல் என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள்.