ஒரே ஒரு மூலக்கூறைப் பார்க்கச் சொன்னவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டீச்சரின் கணவரே, மகளே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே!

பேசத் தெரிந்தவன் என்று இந்த இரங்கல் கூட்டத்தில் என்னை முதலில் அழைத்துவிட்டார்கள். நீங்கள் எல்லோரும் ‘மூலக்கூறு டீச்சர்’ என்று அழைத்த அந்த அம்மையாருக்குப் பக்கத்து வகுப்பறையில் பதினொரு ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் நான். அவர் கணினியில் சிமுலேஷன் போட்டுப் பாடம் நடத்தியபோது கேலி செய்தவனும் நான்தான்! “மூக்கு எரியாம என்னங்க கெமிஸ்ட்ரி? பொம்மை விளையாட்டு!” என்றேன். “வந்து பாருங்க சார்” என்றார், அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தேன். திரையில் சிவப்பும் நீலமுமாக மூலக்கூறுகள் மோதின, சேர்ந்தன, பிரிந்தன. வெப்பத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதாமல் யாரும் மவுஸைத் தொடக் கூடாது! சமநிலை வந்து, திரையோரத்து எண்ணிக்கைகள் மாறாமல் நின்றதும் ஒரு மாணவி, “வினை நின்னுடுச்சு டீச்சர்” என்றாள். தப்பு என்றாரா? இல்லையே! “அப்படியா? ஒண்ணே ஒண்ணை மட்டும் கண்ணை எடுக்காம பாரு” என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கத்தினாள்: “டீச்சர், இது நிக்கவே இல்ல! சேருது, பிரியுது, மறுபடி சேருது!” வினை இரு திசையிலும் ஓடிக்கொண்டே இருக்கும் என்று இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் இரட்டை அம்புக்குறி போட்ட நான், ஒருவரையாவது அப்படிக் கத்த வைத்தேனா?

இந்த ஆண்டு அவர் மருத்துவமனையில் படுத்ததும் அவருடைய வகுப்பு என்னிடம் வந்தது. அதே கணினி, அதே பாடம். எல்லாப் பொத்தானையும் நானே அழுத்தி, நானே விளக்கி, வியர்க்க விறுவிறுக்க நடத்தினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். தேர்வு வைத்தேன். முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர், சமநிலையில் வினை நின்றுவிடும் என்று எழுதியிருந்தார்கள்.

விடைத்தாள்களோடு அவரிடம் ஓடினேன். பார்த்துச் சிரித்தார். “படம் காட்டிட்டீங்களே சார்! அவங்க முதல்ல தப்பா சொல்லணும். அப்புறம்தான் உத்துப் பார்க்கத் தோணும். சனிக்கிழமை வாங்க, எங்கே நிறுத்தி என்ன கேக்கணும்னு உட்கார்ந்து எழுதிடலாம்” என்றார்.

வெள்ளிக்கிழமை போய்விட்டார்! நான் யாரிடம் போய் முறையிடுவது?

நேற்று அவருடைய கணினியைத் துழாவினேன். சிமுலேஷன்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கேள்விகளை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. எதிரில் இருக்கும் முகத்தைப் பார்த்துக் கேட்டவர், எதை எழுதி வைப்பார்?

மகளே, உன் அம்மாவின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறத்தான் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளை அந்த வகுப்புக்குள் நான் போவேன். கணினியைப் போடுவேன். இது உறுதி. அதற்கு மேல் என்ன செய்வேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.