சட்டைப் பையில் இருந்த சாவி

பெயர் வேணி. வயது முப்பத்தெட்டு. கணவர் பெயர் கலையரசன், காலமாகிவிட்டார். இருப்பது திருச்சி பொன்மலைப்பட்டி. தொழில் கார் பழுது பார்க்கும் ஷெட். சமயபுரம் அருகே என் கணவர் ஓட்டிச் சென்ற கார் பாலச் சுவரில் மோதி அவர் இறந்தது பற்றி, உதவி ஆய்வாளர் பானுப்ரியா விசாரித்தபோது நான் சொன்னதாவது:

எனக்குக் குழந்தை இல்லை. மாமியார் சந்திரம்மாளும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். வீட்டை ஒட்டியே ஷெட். நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள். இன்ஜினைத் திறப்பது என் வேலை, ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. கல்யாணமான புதிதில் நான் இன்ஜினுக்குள் கை வைத்திருப்பது தெரியாமல் அவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். என் வலது ஆள்காட்டி விரலின் நுனி பெல்ட்டில் போய்விட்டது. அதன் பிறகு எங்கள் ஷெட்டில் ஒரு சட்டம் வந்தது. வண்டியை ஆஃப் செய்தால் அந்தக் கையோடு சாவியை உருவிவிட வேண்டும். அது என் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். சட்டம் போட்டவர் அவர்தான். நான் ஒருநாள் மறந்தாலும் அவர் மறந்ததில்லை.

ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியைச் சேர்ந்த ரெங்கராஜ் என்பவர் மலைக்கோட்டை பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவர் ஒரு பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, இன்ஜினைப் பிரித்துக் கட்டித் தரும்படி எங்களிடம் விட்டார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையை உரசிக்கொண்டு போகிற வண்டி. அவர் தெருவில் தேர் போகும், இது வேகத்தடை தாண்டாது. இன்ஜின் வேலை முடிந்து ஸ்பார்க் பிளக் தேர்வு செய்வதுதான் பாக்கி இருந்தது.

பிளக்கில் சூடான ரகம், குளிர்ந்த ரகம் என்று உண்டு. சூடான ரகம் தன் மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். நெரிசலில் ஊர்கிற வண்டிக்கு அது நல்லது, ஆனால் விடாமல் வேகமாக ஓட்டினால் முனை தணலாகி பிஸ்டனை ஓட்டை போட்டுவிடும். குளிர்ந்த ரகம் வேகத்தைத் தாங்கும், நெரிசலில் கரி அடைத்து வண்டி திணறும். ரெங்கராஜ் தினமும் காவிரிப் பாலத்தில் நத்தையாக ஊர்ந்து கடைக்குப் போகிறவர், எப்போதாவது கோயம்புத்தூர் ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசைப்படுகிறவர். அதனால் என் கணவர் சூடான ரகம்தான் என்றார். நான் குளிர்ந்த ரகம்தான் என்றேன். அவர் பிடித்த முயலுக்கும் மூன்று கால், நான் பிடித்ததற்கும் மூன்று கால். சாயங்காலம் முழுக்க வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அவர் சொன்ன பிளக்கையே மாட்டி ஓட்டிப் பார்ப்பது, சூடு தாங்காமல் முனை வெளுத்து வந்தால் நான் சொன்னதை மாட்டுவது என்று முடிவானது. அப்போது நான், "தோத்துட்டு வந்தீங்கன்னா ஷெட்டு பக்கமே வராதீங்க" என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டில் கேட்டதாகச் சொல்வது உண்மை. அவர் சிரித்தார் என்பதும் உண்மை, அது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

பிளக்கைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கிளட்சை மிதித்து, சாவியை ஆஃப் செய்து, வண்டியை அப்படியே உருளவிட்டு ஓரம் கட்டி, அங்கேயே பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தால் புதுக் கரி படிந்து பழைய நிறத்தை மறைத்துவிடும். பொதுச்சாலையில் இப்படிச் செய்வது தப்பு என்று எங்களுக்குத் தெரியும். வேறு இடம் இல்லாததால் ஆள் நடமாட்டமில்லாத விடியற்காலையில் சென்னை பைபாஸில் செய்வோம். எப்போதும் நான் பக்கத்தில் இருப்பேன். வண்டி நின்றதும் கையை நீட்டுவேன், சாவியை உருவி என் கையில் வைப்பார். அன்று காலை அவர், "வேணி, வரலியா?" என்று கேட்டார். முதல் நாள் வீம்பு இன்னும் இறங்காததால், அவரே போய்விட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

சர்வீஸ் ரோட்டில் இளநீர் வண்டி போட்டிருக்கும் முகம்மது கனி என்பவர் நேரில் பார்த்திருக்கிறார். அவரை ஆஸ்பத்திரியில் சந்தித்தேன். கார் சத்தமே இல்லாமல் வந்ததாகவும், வளைவில் திரும்பாமல் நேராகப் போய் மோதியதாகவும், மோதுவதற்குச் சற்று முன் என் கணவர் தன் சட்டைப் பையில் கை வைத்ததாகவும் சொன்னார். அந்தப் பையில் கார் சாவி இருந்தது. பிரேக் போட்ட தடம் ரோட்டில் இல்லை. ஓடுகிற வண்டியில் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொள்கிறவன் சாகத்தான் போட்டிருப்பான் என்று எல்லோரும் பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. குழந்தை இல்லாத ஏக்கம் என்றார்கள், பெண்டாட்டியின் வாய் என்றார்கள்.

இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக் கல்லாகி மிதிபடாது என்பதும், அவர் எதற்காக ஆஃப் செய்தார் என்பதும் எனக்குத் தெரியும். ஏன் உருவினார் என்பது மட்டும் தெரியவில்லை. சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. புது வண்டிகளில் ஓடும்போது சாவி வெளியே வராது. இதில் பூட்டு தேய்ந்து போய், ஆஃப் செய்து இழுத்தால் வந்துவிடும். அதைப் பிறகு மாற்றலாம் என்று வைத்திருந்தோம். என் மாமியார் என்னைத் திட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, "ஏன்டி, அவன் எதுக்கு சாவிய எடுத்தான்?" என்று மட்டும் கேட்பார். சாப்பிடாத தட்டை அப்படியே எடுத்து வைப்பேன். நாளாக நாளாக நானும் ஊரோடு சேர்ந்துகொண்டேன். என் வாய்தான் அவரைக் கொன்றது என்று நம்பினேன். அப்படி நம்பித்தான் இன்று காலை ஸ்டேஷனுக்கு வந்தேன். தற்கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். அதற்கு முன் அந்த பிளக்குகளை மட்டும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, வேறு எதையும் இனிமேல் என் கணவரோடு பேசித் தீர்க்க முடியாது, இது ஒன்றுதான் பாக்கி என்றேன்.

உதவி ஆய்வாளர் அனுமதித்து, கார் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார். முன்பக்கம் நசுங்கியிருந்தாலும் பிளக் இருக்கும் பகுதி முழுதாக இருந்தது. ஸ்பேனரை எடுத்துக் குனிந்தவள், கை வைக்காமல் நிமிர்ந்து, "மேடம், சாவியக் குடுங்க" என்று கேட்டேன். பேட்டரியே இல்லாத, செத்துப்போன வண்டிக்குச் சாவி எதற்கு என்று அவர் கேட்டார். "கைல சாவி இல்லாம உள்ள கை வைக்க மாட்டோம் மேடம், விரலு போயிடும்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அன்று என் கணவர் வண்டியை ஆஃப் செய்தார். ஷெட்டில் இத்தனை வருடமும் செய்ததைப் போல அந்தக் கையோடு உருவினார். வாங்கிக்கொள்ள என் கை பக்கத்தில் இல்லை. அதனால் சட்டைப் பையில் போட்டார். எப்போதும் அடுத்து பிளக்கைக் கழற்றுகிற என் விரலை நினைத்துப் போட்டார். நான் கூடப் போயிருந்தால் வண்டி நிற்கிற வரைக்கும் காத்திருந்திருப்பார். இதைத் தற்கொலை என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு, தடயமாக உறையில் போட்டு வைத்திருந்த சாவியை என் கையில் கொடுத்தார்கள். உறையோடு பிடித்துக்கொண்டு நான்கு பிளக்கையும் கழற்றினேன். நான்கின் முனைகளும் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. இதைவிடச் சரியான நிறம் கிடையாது. அவர் சொன்ன ரகமே சரி, நான் சொன்னது தப்பு. ஷெட்டுக்கு வரக் கூடாது என்று நான் சொன்னது தோற்றால்தான். அவர் தோற்கவில்லை.

மாமியார் கேட்கிற கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் கேட்பார். என் விரலுக்காக எடுத்தார் என்று எந்த வாயால் அவரிடம் சொல்வேன் என்று தெரியவில்லை.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அத்தனையும் உண்மை. ஆள்காட்டி விரலில் நுனி இல்லாததால் என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும், அது என்னுடையதுதான்.

(ஒப்பம்)
க. வேணி